மீண்டும் நிரம்பாத நீலக் கோடு

அந்த இரவு நான் ஒரு கிராமத்தைக் காப்பாற்றினேன். மறுநாள் காலை பல் துலக்கும்போது அது எந்தக் கிராமம் என்று யோசித்தேன், பெயர் வரவில்லை. உதவி கேட்டு வந்தது யார், என்ன ஆபத்து, கொள்ளையரா பூதமா, எதுவுமே நினைவில் இல்லை. வரைபடத்தில் ஒரு மஞ்சள் குறி இருந்தது மட்டும் ஞாபகம் இருந்தது. அதை நோக்கிக் குதிரையை விரட்டினேன். குறி அணைந்ததும் அடுத்த குறியை நோக்கித் திரும்பினேன். இடையில் யார் பேச வந்தாலும் வசனத்தை ஸ்கிப் செய்தேன்.

அந்த ஒரே கேமில் அப்போது என் கணக்கு 640 மணி நேரம் காட்டியது. இணையத்தில் பல பேர் சேர்ந்து விளையாடும் ரோல்பிளேயிங் கேம் அது. தொடங்கிய புதிதில் அதன் உலகத்துக்குள் மணிக்கணக்கில் சும்மா நடந்திருக்கிறேன். மலை உச்சியில் நின்றுகொண்டு, கீழே ஊரில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் எப்போது நின்றுபோனது என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் மிஞ்சியது டெய்லி குவெஸ்ட் என்று தினமும் முடிக்க வேண்டிய நான்கு வேலைகள், லாகின் பரிசு, சீசன் முடிய இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் ஒரு கடிகாரம். இவற்றை முடிக்கவே ஐம்பது நிமிடம் ஆகிவிடும். முடித்துவிட்டுப் பிடித்ததை விளையாடலாம் என்று நினைப்பேன். அதற்குள் அலுத்துப் போயிருக்கும். ஆனாலும் எழுந்து போக மாட்டேன்.

அக்கா ஒருநாள் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "கதைக்காகத்தானேடா இதையெல்லாம் விளையாட ஆரம்பிச்ச? இப்ப என்ன கதை ஓடுது, சொல்லு கேக்கலாம்" என்றாள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்டாள். சின்ன வயதில் நான் விளையாடிய கேம்களின் கதையை எல்லாம் அவளிடம்தான் சொல்வேன், அவளும் கேட்பாள். அன்று என்னால் ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் கழித்து 720 பக்கத்தில் ஒரு ஃபேன்டசி நாவலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் 'கேமிங் டிஸார்டர்' என்பதைச் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போய்விடுவது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுப்பது, கெடுதல் நேர்ந்த பிறகும் நிறுத்தாமல் தொடர்வது, இவை வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்கு, பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடிப்பது. அதன் அளவுகோல் இது. இதில் தன்னை அடையாளம் காண்கிறவர் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும், நாவல் அதற்கு மருந்தாகாது. என் வேலை, தூக்கம், உறவுகள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ரொம்பப் பிடித்த ஒன்று கண்ணெதிரே பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதில் வரும் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இந்த அனுபவத்தை எழுத முடியாது; பெயரைச் சொன்னால் இனிமேல் படிக்கப் போகிறவருக்கு அது கெட்டுவிடும்.

முதலில் பாதிப் பாதியாகச் செய்து பார்த்தேன். இரவு ஒன்பது முதல் பத்து வரை கேம், பத்து முதல் பதினொன்று வரை புத்தகம். நான்கு நாளில் ஆறு பக்கம் போனது. விளையாடும்போது கை ஒரு நிமிடத்தில் எத்தனையோ தடவை பட்டனை அழுத்துகிறது, ஒவ்வொரு தடவையும் திரை ஏதாவது பதில் சொல்கிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் புத்தகத்தைத் திறந்தால் தாள் அப்படியே கிடக்கிறது, எதுவும் அசையவில்லை. கண் வரிகளின் மேல் ஓடும். பக்கத்தின் அடிக்கு வந்ததும் என்ன படித்தோம் என்று தெரியாது. சரி என்று வரிசையை மாற்றினேன், முதலில் புத்தகம், அப்புறம் கேம். அது இன்னும் மோசமாகப் போனது. பத்துப் பக்கம் முடித்தால் விளையாடலாம் என்று ஆனதும், அந்தப் பத்துப் பக்கம் ஐந்தாவது டெய்லி குவெஸ்டாக மாறிவிட்டது.

முழுதாக நிறுத்தலாம் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன். அடுத்த சீசன் தொடங்க நாற்பது நாள் இருந்தது, அதுவரை. 'இனிமேல் விளையாடவே மாட்டேன்' என்று சபதம் செய்திருந்தால் மூன்றாம் நாளே உடைத்திருப்பேன். முடியும் தேதி ஒன்று கண்ணுக்குத் தெரிந்ததால் மனம் ஒப்புக்கொண்டது.

கில்டு, அதாவது கேமில் நான் சேர்ந்திருந்த குழுவின் நண்பர்களிடம் சொல்வதுதான் ரொம்ப நாளாக எனக்குப் பயமாக இருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் குழுவாகச் சேர்ந்து பெரிய எதிரிகளோடு மோதும் ரெய்டு போகிறவர்கள், நான் போனால் ஓர் ஆள் குறையும். "நாற்பது நாள் வர மாட்டேன், என் இடத்தில் வேறு யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிட்டு, பதிலைப் பார்க்க தைரியம் இல்லாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். "சரி ப்ரோ, வரும்போது சொல்லுங்க" என்று வந்திருந்தது. இத்தனை மாதமாக மனதில் சுமந்த பயம் கலைய அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. உங்களுக்கும் இந்தத் தயக்கம் இருந்தால், சொல்லாமல் மறைவதைவிட நாள் குறித்துச் சொல்லிவிடுவது அவர்களுக்கும் நல்லது.

பிறகு கேமை நீக்கினேன். நீக்கும் முன் சேவ், அதாவது அதுவரை விளையாடியதன் பதிவு, எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என்னுடையது போன்ற ஆன்லைன் கேமில் எல்லாம் அவர்கள் சர்வரிலேயே இருப்பதால் கவலை இல்லை. தனியாள் கேம்களில் அப்படியில்லை. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் எல்லா கேமுக்கும் கிளவுட் சேவ் (இணையத்தில் சேமித்து வைப்பது) கிடையாது. பிளேஸ்டேஷனில் கிளவுடில் ஏற்ற பிளஸ் சந்தா வேண்டும். 200 மணி நேரம் விளையாடிய பதிவை இழந்துவிட்டு நிம்மதியாக நாவல் படிக்க யாராலும் முடியாது, அதனால் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு நீக்குங்கள். கன்ட்ரோலரைப் பெட்டியில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். நோட்டிஃபிகேஷன்களை அணைத்தேன். அடுத்தவர் விளையாடும் வீடியோக்களையும் நிறுத்தினேன். முதல் முயற்சியில் அதை விட்டுவைத்திருந்தேன், பதினைந்து நிமிடம் பார்த்தால் போதும், விரல் ஊற ஆரம்பித்துவிடும். கேம் விளையாடும் நாற்காலியில் உட்கார்ந்தும் படிக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலே உடம்பு திரையைத் தேடியது. ஜன்னலோரம் தரையில் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டேன்.

முதல் நூறு பக்கம் படிக்கப் பதினொரு நாள் ஆனது.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கேமிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் புத்தகத்தைக் கைவிடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே பதினேழு பெயர்கள். அதில் யார் முக்கியம், யார் இரண்டு பக்கத்தில் காணாமல் போவார் என்று தெரியாது. தலைக்கு மேல் குறி எதுவும் மிதப்பதில்லை. ஆற்றங்கரையில் ஒரு சிறுமி, அவளை வளர்க்கும் ஒரு கிழட்டுப் படகோட்டி, மேலே எங்கோ ஓர் அரசு, வரி வசூலிக்க வந்த ஓர் அதிகாரி. எதிரி யார்? எங்கே போக வேண்டும்? எப்போது சண்டை? எழுபதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எனக்குப் படிக்கும் திறனே போய்விட்டது என்று உண்மையாகவே பயந்தேன்.

போனது திறன் இல்லை என்று பிறகு புரிந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்வார்கள் எனக் காத்திருக்கும் பழக்கம்தான் தடையாக இருந்தது. ஒரு கேமின் முதல் ஒரு மணி நேரத்தில் நடக்கக் கற்றுத் தருவார்கள், வாளை எடுக்கக் கற்றுத் தருவார்கள், ஒவ்வொன்றுக்கும் சபாஷ் சொல்வார்கள். நாவலின் முதல் நூறு பக்கமும் கற்றுத் தருகிறது, ஆனால் நாம் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதைச் சொல்வதில்லை. அந்த ஊரில் கோபம் வந்தால் எப்படிப் பேசுவார்கள், யாரைக் கண்டால் யார் எழுந்து நிற்பார்கள், ஆற்றில் வெள்ளம் வரும் முன் என்ன வாசனை வரும் என்பதெல்லாம் நமக்குத் தெரியாமலே உள்ளே இறங்குகிறது. நூற்றுப் பத்தாம் பக்கத்தில் ஒரு பிரபு வாசலில் நின்று செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருகிறான். ஆசிரியர் எதையும் விளக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அந்தச் செயலில் இருந்த அவமதிப்பு எனக்குத் தானாகவே புரிந்தது. அந்த இடத்தில்தான் நான் உள்ளே வந்துவிட்டேன் என்று தெரிந்தது.

அதுவரை என்னைத் தாங்கியவை சின்ன ஏற்பாடுகள். காலையில் இருபது நிமிடம், அப்போது போன் வேறு அறையில். உட்கார்ந்ததும் புதுப் பக்கத்துக்குப் போகாமல், நேற்று படித்த கடைசி இரண்டு பக்கத்தைத் திரும்பப் படிப்பேன். தொடர்கதைக்கு முன்னால் வரும் முன்கதைச் சுருக்கம் மாதிரி அது வேலை செய்தது. மனம் அலைந்த நாட்களில் முதல் பக்கத்தை மட்டும் மெல்லிய குரலில் வாய்விட்டுப் படித்தேன். வாய் போகும் வேகத்துக்குக் கண் இறங்கி வந்துவிடும். பெயர்களுக்கு ஒரு நோட்டு, ஆளுக்கு ஒரு வரி: இன்னார், இன்னாருடைய மகன், காது கேளாதவர், பாலம் காப்பவர். இணையத்தில் பெயரைத் தேட வேண்டாம். ஒரே ஒரு தடவை ஒரு பெயரின் முதல் நான்கு எழுத்தைத் தட்டினேன், தேடல் பெட்டியே 'எப்படி இறந்தார்' என்று சேர்த்துக் கொடுத்தது. நல்லவேளை, அவர் அவ்வளவு முக்கியமான ஆள் இல்லை.

கேம் விளையாடுகிறவர்களுக்கு ஃபேன்டசி நாவல் வேற்றூர் கிடையாது, தாய் வீடு. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டிலிருந்துதான் லெவல், ஹிட் பாயின்ட், கிளாஸ் என்று நாம் தினமும் சொல்லும் பல சொற்கள் கணினி விளையாட்டுகளுக்குள் வந்தன. அதை நடத்துகிறவருக்காக 1979இல் வந்த கையேட்டின் பின்னிணைப்பில் கைகாக்ஸ் தனக்கு ஊக்கம் தந்த நாவல்களையும் எழுத்தாளர்களையும் பட்டியலிட்டிருக்கிறார். 2015இல் உலகமே விளையாடிய தி விட்சர் 3இன் நாயகன், 1986இல் ஒரு போலந்துப் பத்திரிகையில் சப்கோவ்ஸ்கி எழுதிய சிறுகதையில் பிறந்தவன். 2022இல் வந்த எல்டன் ரிங் என்ற கேமின் பழங்கதையை எழுதியது ஒரு நாவலாசிரியர். அந்தக் கதையில் பெரும்பகுதி வாள், மோதிரம் போன்றவற்றின் கீழே இருக்கும் நான்கு வரிக் குறிப்புகளில் சிதறிக் கிடக்கிறது. அந்த வரிகளைக் கோத்துக் கோத்து யார் யாருக்குத் துரோகம் செய்தார் என்று கண்டுபிடிக்கிறவர் நல்ல வாசகர்தான். அதே திறமைதான் இங்கேயும் தேவைப்படுகிறது.

நூறு பக்கம் தாண்டிய பிறகு நாளுக்குப் பதினெட்டு, இருபது பக்கம் என்று போனது. சிறுமியும் படகோட்டியும் ஊரை விட்டு வடக்கே புறப்படுகிறார்கள். மூன்று வாரப் பயணம், அறுபது பக்கத்துக்கு மேல். கேமில் நான் எப்போதும் ஃபாஸ்ட் டிராவல் போட்டு, நடக்காமலே நொடியில் அடுத்த ஊருக்குப் போகிற ஆள், அதனால் முதலில் பொறுமை போனது. பக்கங்களைத் தாவலாமா என்றுகூட நினைத்தேன். தாவாமல் இருந்ததற்கு முன்பக்க வரைபடம்தான் காரணம். அதில் ஒரு கிளிப்பைச் செருகி வைத்து, அவர்கள் கடக்கும் ஊர்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். துறைமுகத்திலிருந்து கோட்டைக்கு ஒரு கட்டைவிரல் நீளம். அந்தக் கட்டைவிரல் நீளத்துக்கு ஒன்பது நாள் நடை, அதில் இரண்டு நாள் மழை. வழியில் ஒரு கல்பாலம் வருகிறது, அதன் நடுவில் ஒரு கல் பெயர்ந்திருக்கிறது, சிறுமி அதைத் தாண்டிக் குதிக்கிறாள். இருநூறு பக்கம் கழித்துப் போர் அந்தப் பாலத்துக்கு வருகிறது. குதிரைப்படை இருட்டில் பாய்ந்து வரும்போது எனக்கு அந்தப் பெயர்ந்த கல்தான் கண்ணில் நின்றது. அதை நான் கடந்திருக்கிறேன். கேமின் வரைபடத்தில் ஆயிரம் இடத்துக்குப் போயிருக்கிறேன், ஒரு கல்லைக்கூட எனக்குத் தெரியாது.

நடுவில் ஒரு தப்பு செய்தேன். படித்த பக்கங்களைக் கணக்கு வைக்கும் ஒரு செயலியைப் போனில் போட்டேன். தினசரி இலக்கு, விடாமல் படித்த நாட்களின் எண்ணிக்கை, அதற்குப் பதக்கம். மூன்றாம் நாளே, அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தி மிச்சம் எத்தனை பக்கம் என்று எண்ண ஆரம்பித்தேன். எதிலிருந்து விலகி வந்தேனோ அதையே புத்தகத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டேன் என்று புரிந்ததும் நீக்கினேன். அந்தச் செயலிகள் சிலருக்கு உதவலாம். டெய்லி குவெஸ்டில் களைத்துப் போய் வருகிறவர் மட்டும் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இனி அந்தச் சம்பவம்.

படகோட்டிக் கிழவருக்கு உள்ளங்கையில் நெருப்பு வரவழைக்கத் தெரியும். நாற்பதாம் பக்கத்திலேயே அது வந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவை நெருப்பு மூட்டும்போதும் அவருடைய நினைவுகளில் ஒன்று போய்விடும், எது போகும் என்று அவரால் தேர்ந்தெடுக்க முடியாது. இதைப் படித்தபோது நான் என்ன நினைத்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது: அறுபது வயது மனிதருக்கு நினைவுகள் லட்சக்கணக்கில் இருக்குமே, தாராளமாகச் செலவழிக்கலாம். கேம்களில் மந்திர சக்திக்கு ஒரு நீலக் கோடு இருக்கும். மந்திரம் போட்டால் குறையும், ஒரு மருந்தைக் குடித்தாலோ கொஞ்சம் காத்திருந்தாலோ நிரம்பிவிடும். கிழவருடைய நினைவையும் அந்தக் கோடாகத்தான் என் மனம் எடுத்துக்கொண்டது.

412ஆம் பக்கம். நான் தொடங்கி இருபத்தெட்டாவது நாள். கணவாயில் பனிப்புயல், விறகெல்லாம் நனைந்துவிட்டது. சிறுமிக்குக் காய்ச்சல். கிழவர் அவளை மடியில் கிடத்திக்கொண்டு இரவு முழுவதும் உள்ளங்கையில் நெருப்பை அணைய விடாமல் வைத்திருக்கிறார். விடிகிறது. அவள் கண் திறக்கிறாள், காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அவர் அவளை அன்பாகப் பார்த்து, "நீ யாரம்மா? எந்த ஊர்?" என்று கேட்கிறார். அவள் தன் பெயரைச் சொல்கிறாள். நல்ல பெயராக இருக்கிறதே என்கிறார். அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான்.

புத்தகத்தை மடியில் கவிழ்த்தேன். வலது கட்டைவிரல் தானாக அசைந்தது, எந்தப் பட்டனைத் தேடியது என்று எனக்குத் தெரியும். கேமாக இருந்தால் கணவாய்க்கு முன்னால் இருந்த பதிவை லோடு செய்து அங்கிருந்தே மறுபடி தொடங்கியிருப்பேன். முதல் நாளே விறகை உலர்த்தியிருப்பேன், கிழக்கு வழியாகச் சுற்றிப் போயிருப்பேன், அடிவாரத்துச் சத்திரத்தில் இரண்டு நாள் தங்கச் சொல்லியிருப்பேன். அவர்களைக் காப்பாற்ற எத்தனை வழி என்று மனம் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனது. ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. பதினைந்து வருடமாக விளையாடுகிறேன், ஆயிரக்கணக்கான தடவை செத்திருக்கிறேன், துணைக்கு வந்தவர்களைச் சாகவிட்டு அடுத்த நிமிடம் உயிரோடு திரும்பப் பெற்றிருக்கிறேன். ஒன்றை இழந்துவிட்டு, இழந்தபடியே அதோடு உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அன்று அழுதேன். அடுத்த நாள் படிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் என்னால் முடிந்த ஒரே வழியில் பின்னால் போனேன், நாற்பதாம் பக்கத்துக்கு. அங்கே அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவள் முதல் அடி எடுத்து வைத்த நாளைச் சொல்கிறார். அங்கிருந்து மெதுவாகப் புரட்டி வந்தேன். நூற்று முப்பதாம் பக்கத்தில் தினமும் பாடும் பாட்டின் இரண்டாம் அடி வராமல் முனகுகிறார். இன்னோரிடத்தில் தன் கத்தியைத் தானே வைத்த இடத்தில் தேடுகிறார். வழியில் பார்த்த மரத்தைக் காட்டி இது என்ன மரம் என்று அவளிடமே கேட்கிறார்; வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று அவள் சிரிக்கிறாள், நானும் அப்படித்தான் நினைத்துக் கடந்து போனேன். இப்படி மொத்தம் நான்கு இடங்கள். நான்கையும் நான் படித்திருக்கிறேன், நான்கையும் தவறவிட்டிருக்கிறேன். கோடு என் கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்திருக்கிறது, அது நீல நிறத்தில் இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. கேமில் வசனத்தை ஸ்கிப் செய்து செய்துப் பழகிய கண் இங்கேயும் அதையே செய்திருந்தது.

அதற்குப் பிறகு நான் படித்த விதமே வேறு. வேகம் பற்றிய நினைப்பு போனது, ஆனால் வேகம் தானாகக் கூடியது. கடைசி இருநூறு பக்கத்தை நான்கு நாளில் முடித்தேன். கிழவர் கடைசிவரை கூடவே வருகிறார், மரியாதை தெரிந்த ஓர் அந்நியராக. அவர் அவளை எப்போது 'அம்மா' என்று கூப்பிட்டாலும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. புத்தகத்தின் கனம் வலது கையிலிருந்து இடது கைக்கு மாறிக்கொண்டே வருவதை அந்த நாட்களில்தான் கவனித்தேன். வலப்பக்கம் ஒரு விரல் தடிமன்தான் மிச்சம் என்று கை சொல்லும். நான் விளையாடிய அந்த கேமுக்கு முடிவு கிடையாது. ஒரு சீசன் முடியும் முன் அடுத்தது வந்துவிடும், எல்லாரும் எப்போதும் நடுவில்தான் இருப்போம். ஒரு முடிவை நோக்கிப் போகிறோம் என்று கையில் கனமாக உணர்ந்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தெட்டாம் நாள் முடித்தேன். நோட்டில் குறித்து வைத்த நேரங்களைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 29 மணி. நாளுக்கு இரண்டரை மணி நேரம் விளையாடிக்கொண்டிருந்த எனக்கு இது பன்னிரண்டு நாள் கணக்குகூட இல்லை. பெரிய புத்தகத்துக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புத்தகம் தேர்ந்தெடுப்பது பற்றி என்னிடம் சிலர் கேட்டார்கள். எனக்கு அக்கா தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள், அது அதிர்ஷ்டம். முதல் தடவை பத்துத் தொகுதி கொண்ட வரிசைக்குள் போக வேண்டாம் என்பேன்; அதுவும் முடிவில்லாத கேம் மாதிரிதான் மனதில் உட்காரும். முதல் தொகுதியே ஒரு முழுக் கதையாக முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டோல்கீன் எழுதிய மோதிரக் கதையான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 55இல் மூன்று தொகுதியாக வந்தாலும் அவர் எழுதியது ஒரே நாவலாகத்தான். முதல் தொகுதியோடு அது முடியாது, அதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. தடிமன் பயமுறுத்தினால், அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ நாவலைப் போலச் சின்னப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனுக்கே அதன் மேல் அதிகாரம் உண்டு என்ற ஒரே எண்ணத்தின் மேல் மொத்த மந்திரமும் நிற்கும் கதை அது. நீங்கள் விளையாடும் கேமை வைத்தே எழுதப்பட்ட நாவலை முதலில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கேம் உங்களைக் கூப்பிடும். உங்களுக்கு எந்த மொழியில் தடுக்காமல் படிக்க வருமோ அந்த மொழியிலேயே படியுங்கள். ஆங்கிலத்தில் படித்தால்தான் ஃபேன்டசி என்று ஒன்றும் இல்லை. ஐம்பது பக்கம் கடினமாக இருந்தால் பொறுங்கள். நூற்றைம்பது தாண்டியும் ஒருவர் மேலும் உங்களுக்கு அக்கறை வரவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை விட்டுவிடலாம், வாசிப்பையே விட வேண்டியதில்லை.

நாற்பத்தோராம் நாள் கேமைத் திரும்ப நிறுவினேன். சீசன் பரிசுகள் போயிருந்தன, அவற்றில் ஒன்றுகூட என்ன என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. கில்டில் என் இடத்துக்கு வந்தவர் நன்றாக விளையாடுகிறார், அவரே இருக்கட்டும் என்றேன். பிறகு செட்டிங்ஸுக்குப் போய் குறிகளை எல்லாம் அணைத்தேன். வரைபடம் வெறுமையாக நின்றது. எங்கே போவது என்று தெரியாமல் ஒரு மண்பாதையில் நடந்தேன். கிணற்றடியில் ஒரு கிழவி நின்றிருந்தாள். எத்தனை முறை அவளைக் கடந்து குதிரையில் போயிருப்பேனோ தெரியாது. அருகில் போனதும் பேசினாள், நான் எந்தப் பட்டனையும் அழுத்தவில்லை. மலைக்குப் போன மகன் திரும்பவில்லை என்றாள். அவன் நெற்றியில் ஒரு தழும்பு இருக்கும், சின்ன வயதில் இதே கிணற்றில் விழுந்த தழும்பு என்றாள். சொல்லி முடிக்க நாலு நிமிடம் ஆனது. முடித்துவிட்டு மலைப் பக்கம் கையைக் காட்டினாள். இருட்டிக்கொண்டு வந்தது, நான் குதிரையைக் கூப்பிடாமல் நடந்தே போனேன்.

அன்று இரவு அக்காவுக்கு போன் செய்தேன். "அந்தப் பையன் கிடைச்சானா?" என்று கேட்டாள். இன்னும் கிடைக்கவில்லை, சனிக்கிழமைதான் அடுத்து விளையாடுவேன் என்றேன். அந்த நாவலின் இரண்டாம் தொகுதியில் அறுபதாம் பக்கத்தில் இருக்கிறேன் என்பதையும் சொன்னேன். "கிழவர் எப்படி இருக்கார்?" என்றாள். அவள் எல்லாத் தொகுதியையும் படித்தவள். "நல்லா இருக்கார். நேத்து அந்தப் பாட்டோட முதல் அடியைப் பாடினார்" என்றேன்.